சுழல் வேறு, சுருள் வேறு

சிறிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளானால், 'விமானம் வானில் சுழன்றபடி கீழே விழுந்ததாக நேரில் கண்டவர்கள் தெரிவித்தனர்' என்னும் வரி மறுநாள் செய்தியில் தவறாமல் இடம்பெறுகிறது. தரையில் நின்று பார்ப்பவருக்கு அது ஒரே காட்சிதான். ஆனால், விமானி அறையில் இருப்பவருக்கு அந்தச் சுழற்சி முற்றிலும் மாறுபட்ட இரண்டு நிலைகளில் ஒன்றாக இருக்கக்கூடும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு நஞ்சு. பயிற்சி விமானங்களில் மாணவர்களின் அருகே பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில், இந்த வேறுபாடு விமானத் துறைக்குள்ளேயே போதிய அளவு உணரப்படவில்லை என்று கருதுகிறேன்.

முதலாவது நிலையை விமானிகள் 'ஸ்பின்' என்பர்; தமிழில் சுழல் வீழ்ச்சி எனலாம். இரண்டாவது 'ஸ்பைரல் டைவ்'. அதைச் சுருள் பாய்ச்சல் என்று சொல்லிக்கொள்வோம்.

சுழல் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள 'ஸ்டால்' என்னும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். இது எஞ்சின் நின்றுபோவதைக் குறிப்பதன்று. எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஓரளவுக்கு மேல், பெரும்பாலான சிறு விமானங்களில் சுமார் 15 பாகைக்கு மேல், போய்விட்டால் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, தூக்குவிசை சரிகிறது. எஞ்சின் முழு வேகத்தில் இயங்கும்போதும் இது நேரலாம்.

இரண்டு இறக்கைகளும் ஒருசேர இந்நிலையை அடைந்தால் மூக்கு தாழும். விமானி தண்டைச் சற்று முன்னே தள்ளினால் எல்லாம் சீராகிவிடும். அந்த நேரத்தில் விமானம் பக்கவாட்டில் சிறிதளவு திரும்பிக்கொண்டிருந்தால்தான் வினை. ஒரு இறக்கை தாழ்கிறது. தாழ்வதாலேயே அது காற்றைச் சந்திக்கும் கோணம் மேலும் அதிகரித்து, தூக்குவிசையை இன்னும் இழக்கிறது, இழுவிசை கூடுகிறது. உயரும் இறக்கைக்கோ பாதிப்பு குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே அடுத்த சுற்றுக்கான விசையாகிறது. யாரும் சுழற்ற வேண்டியதில்லை. விமானம் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு விழும்.

இந்நிலையில் வேகமானி காட்டுவது குறைந்த வேகம். அதுவும் பெரிதாக மாறாமல் நிற்கும். மூக்கு தரையைப் பார்க்கிறது, பூமி சக்கரமாகச் சுழல்கிறது, வேகமோ ஏறவில்லை. சுழல் வீழ்ச்சியின் கையெழுத்து இதுதான்.

சுருள் பாய்ச்சலில் இறக்கைகள் செம்மையாகவே வேலை செய்கின்றன. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பத் தொடங்குகிறது, சாய்வு மெல்ல மெல்ல மிகுகிறது, மூக்கு தாழ்கிறது, வேகம் ஏறுகிறது. உயரம் குறைவதைக் கண்ட விமானி தண்டைப் பின்னால் இழுக்கிறார். இறக்கை சாய்ந்திருப்பதால் அந்த இழுப்பு விமானத்தை உயர்த்தாமல் வளைவை இறுக்குகிறது. வேகமும் உடலை அழுத்தும் பாரமும் சேர்ந்து ஏறுகின்றன. தரையில் மோதும் முன்னரே இறக்கையோ வாலோ முறிந்துபோவதும் உண்டு.

சுழல் வீழ்ச்சிக்குரிய சிகிச்சை எஞ்சின் விசையைக் குறைப்பது, எய்லரான்களை நடுநிலைக்குக் கொண்டுவருவது, சுழற்சிக்கு எதிர்ப்புறச் சுக்கானை முழுமையாக அழுத்துவது, பின் தண்டை முன்னே தள்ளுவது ஆகியவை, இதே வரிசையில். சுழற்சி நின்றதும் சுக்கானை நடுவில் விட்டு, பாய்ச்சலிலிருந்து மென்மையாக மீள வேண்டும். சுருள் பாய்ச்சலில் எஞ்சின் விசையைக் குறைத்து, எய்லரானைக் கொண்டு இறக்கைகளைச் சமப்படுத்தி, அதன் பின்னரே மூக்கைத் தூக்க வேண்டும். இப்போது மாற்றிச் செய்து பாருங்கள். சுருள் பாய்ச்சலில் தண்டை முன்னே தள்ளினால், ஏற்கெனவே எல்லை மீறும் வேகம் இன்னும் ஏறும். சுழல் வீழ்ச்சியில் எய்லரானால் இறக்கையை நிமிர்த்த முயன்றால், தாழ்ந்த இறக்கை மேலும் செயலிழக்கும். பல விமானங்களில் சுழற்சி தீவிரமாகும்.

இந்த அறிவு எளிதில் கிடைத்ததன்று. 1912 ஆகஸ்ட் 25-ஆம் நாள் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், மூடிய அறை கொண்ட ஆவ்ரோ இரட்டை இறக்கை விமானத்தில் பறந்த வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி, சில நூறு அடி உயரத்தில் சுழல் வீழ்ச்சியில் சிக்கினார். அன்றைய வழக்கப்படி தண்டை இழுத்தார். சுழலும் திசையிலேயே சுக்கானையும் அழுத்தினார். எதுவும் பயன்படவில்லை. கடைசி முயற்சியாகச் சுக்கானை எதிர்ப்புறம் அழுத்தியபோது சுழற்சி நின்றது. அப்போது தரை ஏறத்தாழ 50 அடி கீழே இருந்தது. நிபுணர்கள் பலர் கண்ணெதிரே நடந்ததால், அவர் செய்தது என்ன என்பது உடனுக்குடன் பதிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் பார்க் வேறொரு விமான விபத்தில் இறந்துபோனார்.

அவர் கண்டது வழி. காரணத்தைக் கண்டறியும் பணி முதல் உலகப்போர்க் காலத்தில் நடந்தது. ஃபார்ன்பரோவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஃப்ரெடரிக் லிண்டமன், தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1917-இல் வேண்டுமென்றே விமானத்தைச் சுழல வைத்து, விழும்போதே கருவிகளின் அளவுகளை மனத்தில் குறித்துக்கொண்டார். பின்னாளில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகராக அவர் சொன்ன பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை; இந்தத் துணிச்சலுக்கு மட்டும் தலைவணங்கத்தான் வேண்டும்.

எல்லா விமானங்களும் ஒரே மாதிரி சுழல்வதில்லை என்பதுதான் பாடநூல்களில் விரைந்து கடந்துசெல்லப்படும் பகுதி. உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். அதைச் சுழல வைப்பதே கடினம். தண்டை முழுக்கப் பின்னால் இழுத்து, சுக்கானை முழுக்க அழுத்திப் பிடித்திருந்தால்தான் சுழலும். பிடி சற்றே தளர்ந்தாலும் அது ஸ்பின்னை உதறிவிட்டுச் சத்தமில்லாமல் சுருள் பாய்ச்சலுக்கு மாறிவிடும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மாணவர் தாம் இன்னும் சுழல் வீழ்ச்சியில் இருப்பதாக எண்ணி எதிர்ச் சுக்கானை அழுத்திக்கொண்டிருப்பார். வேகமானியின் முள்ளோ ஏறிக்கொண்டே போகும். என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'முள் நிற்கிறதா, ஏறுகிறதா?' அதற்கு விடை சொல்லாமல் கையையோ காலையோ அசைக்கக்கூடாது என்பது என் விதி.

அதே செஸ்னாவில் பின்னிருக்கையில் ஆள் இருந்தால் ஸ்பின் பயிற்சி செய்யக்கூடாது என்கிறது கையேடு. பாரம் பின்னால் போகப் போக, விமானத்தின் ஈர்ப்பு மையமும் பின்னகர்கிறது; மூக்கு தாழ்வதற்குப் பதிலாக நிமிர்ந்து, விமானம் தட்டையாகச் சுழலத் தொடங்கும். தட்டைச் சுழற்சியில் காற்று ஏறக்குறைய நேர் கீழிருந்து வருவதால் சுக்கானுக்குப் பிடிப்பே கிடைக்காது. இரண்டு பேர் மட்டும் ஏறியபோது எளிதில் மீண்ட விமானம், நான்கு பேரும் பெட்டிகளும் ஏறியபோது மீளாமல் போவதன் காரணம் இதுவே.

வாலின் அமைப்பும் பெரிய காரணி. சுழலும்போது கீழிருந்து வரும் காற்றைக் கிடைமட்ட வால் மறித்து, சுக்கானை நிழலில் தள்ளிவிடக்கூடும். சிப்மங்க் பயிற்சி விமானத்தின் பின்னுடலில், வாலுக்கு முன்னால் இரு பக்கமும் நீண்ட மெல்லிய தகடுகளைப் பொருத்தியது ஸ்பின்னிலிருந்து மீள்வதை எளிதாக்கவே. டைகர் மாத் விமானங்கள் பலவற்றிலும் அத்தகைய தகடுகளைக் காணலாம். இவற்றைக் காகிதத்தில் கணக்கிட்டு முடிவு செய்ய இயலாது. அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் 1941 முதல் இயங்கும் 20 அடி விட்டமுள்ள செங்குத்துக் காற்றுச் சுரங்கத்தில், கீழிருந்து மேலாகக் காற்று வீசும். ஆய்வாளர் சிறிய மாதிரி விமானத்தைக் கையால் சுழற்றி அதனுள் எறிவார். பம்பரம் விடுவதைப் போன்ற அந்தச் செயலில்தான் பல போர் விமானங்களின் தலைவிதி தெரியவந்தது.

போர் விமானங்களின் கதை தனி. அவற்றின் எடை முழுவதும் நீண்ட உடலில் குவிந்திருக்கிறது, இறக்கைகள் குட்டையானவை. இத்தகைய விமானங்களில் சுக்கானைவிட எய்லரானுக்கே வலிமை அதிகம். அதையும் சுழலும் திசையிலேயே திருப்ப வேண்டும் என்பது சிறு விமானத்தில் பழகியவருக்கு அதிர்ச்சி தரும் பாடம். 1970 பிப்ரவரியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எஃப்-106 ரக விமானம் ஒன்று தட்டைச் சுழற்சியில் சிக்கியது. கற்ற வழிகள் அனைத்தையும் முயன்று தோற்ற விமானி, இருக்கையோடு வெளியே பாய்ந்தார். அவர் வெளியேறியதும் விமானத்தின் சமநிலை மாறி, சுழற்சி தானாக நின்றது. ஆளில்லாமலேயே பறந்துபோய்ப் பனி மூடிய வயலில் வயிற்றால் வழுக்கி இறங்கியது. பழுது நீக்கி மீண்டும் பறக்கவிடப்பட்ட அந்த விமானம் இன்று ஓஹையோ மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சுழலவே இயலாத விமானம் செய்ய முடியாதா? 1940-களில் விற்பனைக்கு வந்த எர்கூப் அத்தகையது. எலிவேட்டரின் அசைவை மட்டுப்படுத்தி, சுக்கான் மிதிகளே இல்லாமல் அதை அமைத்தனர். இறக்கை 'ஸ்டால்' நிலையை முழுதாக எட்டவே வழியில்லை. நேர்மாறாக, 1970-களின் இறுதியில் பைப்பர் நிறுவனம் டோமஹாக் விமானத்தைப் பயிற்றுநர்களின் கருத்தறிந்து வடிவமைத்தது. எளிதில் ஸ்பின்னுக்குள் நுழையும் விமானம்தான் பாடம் கற்பிக்கும் என்பது அவர்கள் எண்ணம். இப்போதைய சிரஸ் விமானங்கள் மூன்றாவது வழியில் செல்கின்றன. விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் அவற்றில் உண்டு. சுழல் வீழ்ச்சி நேர்ந்தால் அதை விரிக்குமாறு கையேடு கூறுகிறது. இதை மானக்கேடாகக் கருதும் மூத்த விமானிகளை நான் அறிவேன். உயிரைவிட மானம் பெரிதன்று என்பேன்.

பெரிய பயணிகள் விமானங்களைச் சுழலவைத்துச் சோதிக்கும் வழக்கமே இல்லை. அந்த நிலைக்குப் போகாமல் காப்பதே வடிவமைப்பின் நோக்கம். அந்தக் காப்பு மீறப்பட்டபோது என்ன ஆகும் என்பதை 2006 ஆகஸ்ட் 22 காட்டியது. இடிமேகத்தைத் தாண்ட மேலும் மேலும் உயர்ந்த புல்கோவோ நிறுவனத்தின் டியு-154 விமானம், வேகம் இழந்து தட்டைச் சுழற்சியில் உக்ரைனில் விழுந்தது. 170 பேரும் மாண்டனர்.

ஆனால், பெரிய விமானங்களை அதிகம் பலிகொள்வது சுழல் அல்ல, சுருள். காரணம் மனித உடலில் இருக்கிறது. நம் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் திரும்புதலின் மாற்றத்தை மட்டுமே உணரும். ஒரே சீராக 20 விநாடி திரும்பிக்கொண்டிருந்தால், திரும்பவே இல்லை என்று அவை சாட்சி சொல்லும். தொடுவானம் தெரியும்வரை கண் அதைத் திருத்திவிடும். மேகத்துக்குள்ளும், நிலவில்லாத இரவில் கடலுக்கு மேலும் திருத்துவதற்கு யாரும் இல்லை. கருவிகள் மட்டுமே உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகம் 1954-இல் வெளியிட்ட ஆய்வில், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி பெறாத 20 மாணவர்களை, வெளியே பார்க்க முடியாதபடி மறைத்துப் பறக்க வைத்தனர். 19 பேர் சுருள் பாய்ச்சலில் வீழ்ந்தனர். இன்னொருவர் மூக்கைத் தூக்கி வேகமிழந்தார். கட்டுப்பாடு போக ஆன சராசரி நேரம் 178 விநாடி.

அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 1999 ஜூலை 16 இரவு, மங்கலான வானில் கடலுக்கு மேல் தம் பைப்பர் சாரடோகா விமானத்தை ஓட்டிச் சென்று, மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் இறந்தது இவ்வாறுதான். இறுதிக் கணங்களில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் அதிக வேகத்தில் இறங்கியது.

நமக்கு இதைவிட நெருக்கமான துயரம் ஒன்று உண்டு. 1978 ஜனவரி 1 இரவு, மும்பையிலிருந்து துபைக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747, பறக்கத் தொடங்கிய 101 விநாடிகளில் பாந்த்ரா கடற்கரைக்கு அப்பால் அரபிக் கடலில் பாய்ந்தது. 213 பேர் மாண்டனர். தலைமை விமானியின் முன்னிருந்த செயற்கைத் தொடுவானக் கருவி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகப் பொய் சொன்னது. அதை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். சாய்வு 90 பாகையைத் தாண்டிற்று. கீழே இருள் சூழ்ந்த கடல். துணை விமானியின் கருவி சரியாக இருந்தது என்பதுதான் இன்றும் நெஞ்சை உறுத்துவது. 2007 மே 5 இரவு கேமரூனின் டூவாலாவிலிருந்து புறப்பட்ட கென்யா ஏர்வேஸ் 737 விமானம், தானியங்கி இயங்குவதாக விமானிகள் எண்ணியிருக்க, கருவிகளில் பழுது ஏதுமின்றியே மெல்ல வலப்பக்கம் சாய்ந்து சுருள் பாய்ச்சலில் வீழ்ந்தது. 114 பேர் இறந்தனர்.

மீண்டவர்களும் உண்டு. 1985 பிப்ரவரி 19-இல் பசிபிக் பெருங்கடலுக்கு மேல் சைனா ஏர்லைன்ஸின் 747 ஒன்றில் ஓர் எஞ்சின் விசையிழந்ததைத் தொடர்ந்து, விமானம் 41,000 அடியிலிருந்து புரண்டு பாய்ந்தது. மேகத்தை விட்டு வெளிவந்து தொடுவானம் கண்ணில் பட்ட பிறகே அவ்விமானி அதை நிமிர்த்த முடிந்தது. அப்போது உயரம் 9,500 அடி. வால் பகுதி சிதைந்திருந்தும் சான் பிரான்சிஸ்கோவில் பத்திரமாக இறங்கியது. ஏர்பஸ் ஏ320 போன்றவற்றில் சாய்வு 33 பாகையைத் தாண்டியிருக்கும்போது விமானி கையை எடுத்தால், விமானம் தானே 33 பாகைக்குத் திரும்பிவிடும். 67 பாகைக்கு மேல் சாய்க்கவே அனுமதிக்காது. இது பெரிய பாதுகாப்பு. கணினி தன் இயல்பு நிலையில் இருக்கும்வரை.

பயிற்சிக்கு வருவோம். தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 1949-இல் நீக்கியது. பயிற்சியிலேயே உயிர்கள் போயின. மேலும் தரையிறங்கும் முன்னர் சில நூறு அடி உயரத்தில் திரும்பும்போது நேரும் ஸ்பின்னில் எந்தத் திறமையும் உதவாது என்பது வாதம். வாதத்தில் உண்மை உண்டு. செஸ்னாவில் ஒரு சுற்று சுழன்று மீளவே சுமார் 1,000 அடி செலவாகும். எனவே, நுழையாமல் தவிர்க்கக் கற்பதே முதன்மை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், இறக்கை நழுவத் தொடங்கும் அந்த முதல் விநாடியை உடலால் ஒருமுறை உணராதவர், அதை எவ்வாறு அடையாளம் கண்டு தவிர்ப்பார்? கனடா வணிக விமானிகளுக்கு இப்பயிற்சியைக் கைவிடவில்லை. நம் விமானப்படையும் கைவிடவில்லை. அதனால்தான், 2003-இல் முதன்முதலில் பறந்த எச்ஏஎல் நிறுவனத்தின் ஹெச்ஜேடி-36 பயிற்சி விமானம் ஸ்பின் சோதனையில் சிக்கிப் பல ஆண்டுகள் தேங்கி நின்றது. செங்குத்து வாலை இடம் மாற்றி, சுக்கானை நீட்டிய பிறகு, இரு புறமும் ஆறு சுற்றுகள் சுழன்று மீண்டதை 2022 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. தாமதத்தைக் குறை கூறியோர் பலர். மாணவரை நம்பி ஒப்படைக்கும் விமானத்தில் இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்காததை நான் பாராட்டுவேன்.

குடிமை விமானத் துறையில் நிலைமை வேறு. 2023-இல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. அவற்றை ஓட்டப் போகிறவர்கள் 200 மணி நேரப் பறத்தலுடன் வணிக உரிமம் பெறும் இளைஞர்கள். அவர்கள் பயிலும் டைமண்ட் டிஏ40, பைப்பர் ஆர்ச்சர் போன்ற விமானங்களில் வேண்டுமென்றே ஸ்பின் செய்வதற்கே தடை. சிமுலேட்டர் இருக்கிறதே என்பார்கள். தரையில் பதிக்கப்பட்ட பெட்டி, செவிக்குழல் சொல்லும் பொய்யையோ, வளைவு இறுகும்போது உடலை அழுத்தும் பாரத்தையோ நீடித்துத் தர இயலாது.

ஒவ்வொரு பள்ளியும் இதற்கெனத் தனி விமானம் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாகசப் பறத்தலுக்குச் சான்று பெற்ற இரட்டை இருக்கை விமானம் ஒன்றையும், அதில் தேர்ந்த பயிற்றுநர் ஒருவரையும் நான்கைந்து பள்ளிகள் பகிர்ந்துகொள்ளலாம். உரிமம் பெறும் முன்னர் ஒவ்வொரு மாணவரும் மூன்று மணி நேரம் அதில் பறந்து, சுழல் வீழ்ச்சியையும், கண்ணை மறைத்த நிலையில் சுருள் பாய்ச்சலையும், ஒன்று மற்றொன்றாக மாறும் கணத்தையும் பயிற்றுநர் அருகிலிருக்கப் பார்த்துவிட வேண்டும். 200 மணி நேரத்துக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கு அந்த மூன்று மணி நேரம் கூடுதல் சுமையாக இராது.